மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு: ஊசி எங்கே குறைகிறது, எங்கே குறைவதில்லை

பாலில் பென்சிலின் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு: உறை ஊற்றிய பால் தோயாது. தயிரை உருவாக்கும் நுண்ணுயிர்களும் பாக்டீரியாதான். மாட்டின் மடிக்குள் செலுத்திய மருந்து அவற்றையும் கொல்லும். உறைமோர் பழசானாலும், குளிர் அதிகமானாலும் பால் தோயாதுதான். ஆனால் உறையும் சரி, சூடும் சரி என்றிருக்கும்போது ஒரே ஒரு வீட்டுப் பால் மட்டும் இரண்டு மூன்று நாள் தோயாமல் போனால், அந்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்பது நியாயம். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பென்சிலினுக்கு அனுமதிக்கப்பட்ட எச்ச அளவு ஒரு கிலோ பாலில் வெறும் 4 மைக்ரோகிராம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். சிறிய எண்தான். ஆனால் சொசைட்டியில் ஒரு மாட்டின் பால் ஒரு கேனிலும், அந்தக் கேன் ஒரு டேங்கரிலும் கலக்கிறது. கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவது வேறொரு கணக்கு, அது எச்ச அளவில் தெரியாது. கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக்கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது இந்தக் கவலையால்தான்.

கறவை மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் அதிகம் போவது மடிநோய்க்கு, அதாவது கிருமி புகுந்து மடி வீங்கிப் பால் கெடும் நோய்க்கு. அதனால் மூலிகையால் ஊசியைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியை மடியில் வைத்துப் பார்ப்பதே சரி. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல நிகழ்வு இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கலவை

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்து, அளவு நிர்ணயித்துப் பரப்பினார். பெங்களூருவில் உள்ள டிரான்ஸ்டிசிப்ளினரி பல்கலைக்கழகம் இதில் சேர்ந்துகொண்டது. பிறகு தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதே செய்முறைகளைப் பல மொழிகளில் அச்சிட்டுப் பால் கூட்டுறவுகள் வழியாகக் கொண்டுபோனது. இன்று குஜராத்தில் ஒரு பெண் மாட்டு மடியில் தடவும் சிவப்புக் கூழுக்குத் தஞ்சாவூரோடு தொடர்பு உண்டு.

ஒரு நாளைக்கான அளவு இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இது மடிக்கு மேல் பூசுவதற்கு. உள்ளுக்குத் தினமும் 2 எலுமிச்சம்பழம், பாதி பாதியாக நறுக்கி, 3 நாளுக்கு. பூச்சு 5 நாள், நாளொன்றுக்குப் 10 முறை.

கற்றாழை மடலின் இரு ஓர முட்களையும் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டு மிக்ஸியில் அடிக்கவும். சோறு வழுக்குவதால் முதலில் தனியாக அரைபடட்டும். அதன்பின் மஞ்சள், கடைசியில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு விழுந்த நொடியில் மஞ்சள் நிறம் மாறி ஆரத்தித் தட்டு போலச் சிவக்கும். ஆரத்திக்குக் கரைப்பதும் இதே இரண்டு பொருள்தானே. சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு காற்றுப்பட்டுச் செத்துப்போயிருக்கும், அல்லது மஞ்சள் மஞ்சளாக இருக்காது.

நிறம் மாறுவது கண்ணுக்கு அழகுக்காக இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாத பொருள். சுண்ணாம்பின் காரம்தான் அதைக் கரைய வைக்கிறது. அதே காரம் கொஞ்ச நேரத்தில் குர்குமினைச் சிதைக்கவும் செய்யும். காலையில் ரத்தச் சிவப்பாக இருந்த கூழ் மறுநாள் பழுப்பாக நிற்பதற்கு இதுவே காரணம். மூன்று நாளுக்குச் சேர்த்து அரைத்து ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. வேலை மிச்சம், மருந்து நஷ்டம். தினமும் காலையில் புதிதாக அரைக்க வேண்டும்.

அரைத்த கூழைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுவதும் வழியும்படி பூசவும். வீங்கிய காம்புக்கு மட்டும் என்று நிறுத்தாமல் நான்கு காம்பின் பகுதிக்கும் போகட்டும். காலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மாலை ஐந்தே காலுக்குப் பத்தாவது பூச்சு முடியும்.

பூசுவதற்கு முன் நோய்ப்பட்ட காம்பைப் பீச்சி காலி செய்ய வேண்டும். பத்து முறையும் முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. எங்கள் மதிப்பீட்டில் இந்த வைத்தியத்தில் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது. மடிக்குள் தேங்கிய பாலில்தான் கிருமி பெருகுகிறது, அதன் நச்சும் அங்கேதான் சேர்கிறது. பீச்சிய பாலைத் தரையில் விடாதீர்கள். அதில் இருக்கும் கிருமி அடுத்த மாட்டுக்குப் போகும். ஒரு டப்பாவில் பிடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.

பாலில் ரத்தம் கலந்தால் கூடுதலாக இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்துக் கொடுப்பது இதே செய்முறையில் வருகிறது. காம்பு அடைத்துக்கொண்டால் வேப்பிலைக் காம்பில் மஞ்சளும் வெண்ணெயும் தடவித் துவாரத்தில் செருகச் சொல்வதும் உண்டு. அதில் நமக்கு உடன்பாடு இல்லை. காம்புத் துவாரத்தின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய கெரட்டின் பூச்சுதான் மடிக்கு வாசற்கதவு. கழுவாத கையால் ஒரு குச்சியைச் செருகினால் கதவை நாமே உடைத்ததாகிவிடும். அடைப்பு என்றால் மருத்துவரைக் கூப்பிடுவதே மேல்.

சீக்கிரம் பிடிக்காவிட்டால் எதுவும் வேலை செய்யாது

மடி கல்லாகி, பால் திரிதிரியாக வந்த பிறகு கற்றாழையைத் தேடுவது தாமதம். வீக்கமே இல்லாமல் பால் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும் மறைமுக மடிநோய்தான் எண்ணிக்கையில் அதிகம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. துணி துவைக்கும் பவுடர் போதும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, பாலுக்குச் சம அளவு கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றவும். நல்ல பால் தண்ணீராக ஓடும். கெட்ட பால் கஞ்சி போல, முற்றியதில் முட்டையின் வெள்ளைக் கரு போலக் கொழகொழத்து நிற்கும். பாலில் உள்ள வெள்ளணுக்களைப் பவுடர் உடைப்பதால் அவற்றின் மரபுப்பொருள் வெளியே வந்து இப்படி இழுபடுகிறது. இதே சோதனைக்கென்று விற்கும் சி.எம்.டி. (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) கரைசல் வாங்க முடிந்தால் நிறமும் மாறுவதால் படிக்க இன்னும் எளிது.

முதல் பீச்சலைச் சோதனைக்கு எடுக்கக்கூடாது. இரண்டு பீச்சலைத் தள்ளிவிட்டு மூன்றாவதைப் பிடிக்கவும். கன்று ஈன்று முதல் வாரத்திலும், பால் வற்றப்போகும் கட்டத்திலும் நோய் இல்லாமலே கொழகொழப்பு வரும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து போட்டவர்கள் நிறைய. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் இந்தச் சோதனை நடந்தால், கலவைக்கு வேலை கொடுக்கும் கட்டத்திலேயே நோய் சிக்கும்.

கலவை தோற்கும் இடங்கள்

முதல் காரணம் எண்ணிக்கை. பத்து முறை என்று எழுதியிருப்பதைக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று செய்துவிட்டு மூலிகை பலிக்கவில்லை என்கிறார்கள். ஐந்து நாளில் 50 பூச்சு. ஒவ்வொன்றுக்கும் பீச்சுவது, கழுவுவது, பூசுவது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆளுழைப்பு. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் இது நடக்கும். நாற்பது மாடு, கூலிக்கு இரண்டு ஆள் என்ற பண்ணையில் நடக்காது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். அங்கே நான்கு முறை பூசி ஒப்பேற்றுவதைவிட, யார் எப்போது பூசுவது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுவது நல்லது.

அடுத்தது சுண்ணாம்பு. அளவு 15 கிராம்தான். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்புதான் வேண்டும். வண்ணம் சேர்த்த டப்பா வேண்டாம். நீறாத கல்சுண்ணாம்பைப் போட்டால் ஈரத்தில் சூடேறித் தோலைப் புண்ணாக்கிவிடும். 'கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் கேட்கும்' என்று கூட்டினாலும் அதே கதி. காம்பின் தோல் வெடித்தால் மாடு கறக்க விடாது. கறக்கவிடாத மாட்டில் பால் தேங்கும். தேங்கினால் நோய் கூடும்.

மஞ்சள் தூளில் கலப்படம் உண்டு. பளீரென்ற நிறத்துக்காக ஈய குரோமேட் சேர்ப்பது தெரிந்த விஷயம். ஈயம் கலந்த பூச்சைப் பால் கறக்கும் இடத்தில் நாளெல்லாம் தடவுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விரலி மஞ்சளை வாங்கி மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டுக்கு ஐந்து நாளுக்கு 250 கிராம்தான் போகும்.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. பூச்சைக் கழுவாமல் கறந்து, பால் லேசாக மஞ்சளிப்பது. சொசைட்டியில் திருப்பி அனுப்புவார்கள். கறவைக்கு முன் வெதுவெதுப்பான நீரில் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே கறக்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. நோய்ப்பட்ட காம்பின் பாலை இந்த வைத்தியம் நடக்கும்போதும் விற்கக்கூடாது. ஊசி போடவில்லை என்பதால் அந்தப் பால் நல்ல பால் ஆகிவிடாது, அதில் கிருமியும் சீழணுக்களும் இருக்கின்றன.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியேறிவிட்ட மடி மற்றவற்றிலிருந்து வேறு. அது மடித் திசுவுக்குள் பொந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆன்டிபயாட்டிக்கும் அங்கே பெரும்பாலும் தோற்கும், கற்றாழையும் தோற்கும். அதே காம்பு மூன்றாவது முறையாக வீங்கினால் அந்தக் காம்பை வற்ற வைப்பதா, மாட்டைத் தனியே பிரிப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

எப்போது கலவையை வைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டும்

மாட்டின் உடல் வெப்பம் சாதாரணமாக 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது 103-ஐத் தாண்டினால், தீவனம் முழுதாக நின்றால், பால் தவிட்டு நிறத் தண்ணீராக வந்தால், மாடு எழ மறுத்தால், அன்றே மருத்துவர் வர வேண்டும். மடி நீலம் பாரித்துத் தொட்டால் சில்லென்று இருந்தால் அது அழுகல் மடிநோய். மணிக்கணக்கில் உயிர் போகும். இங்கே ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்ப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, பால் மட்டும் கெட்டிருக்கிறது, மாடு சாதாரணமாக மேய்கிறது என்றால் 48 மணி நேரம் கலவைக்குக் கொடுக்கலாம். அதற்குள் வீக்கம் இளகாவிட்டால் பால் மாதிரி ஆய்வகத்துக்குப் போகட்டும். ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்பது முக்கியம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கிருமி நீக்கிய குப்பியில் 10 மில்லி பிடித்து, ஐஸில் வைத்து அனுப்பவும். எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று தெரிந்தபின் போடும் ஒரு மருந்து, தெரியாமல் மாற்றி மாற்றிப் போடும் மூன்று மருந்துக்குச் சமம். ஊசி தொடங்கிவிட்டால் மருத்துவர் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். ஒரு ஊசியில் வீக்கம் வற்றியதும் நாமாக நிறுத்தக்கூடாது.

குணமானது எதனால்?

மடிநோயில் ஒரு பகுதி தானாகவே அடங்கும். ஈ.கோலை போன்ற கிருமிகளால் வரும் லேசான நோயில், பால் கெட்டது கண்ணில் படும் முன்பே மாட்டின் எதிர்ப்பாற்றல் கிருமியைத் தீர்த்திருக்கும். ஆய்வகத்தில் வளர்த்தால் ஒன்றும் வளராது. இந்த மாட்டுக்குக் கற்றாழை பூசினாலும் குணமாகும், பூசாவிட்டாலும் குணமாகும், ஊசி போட்டாலும் குணமாகும். எனவே 'நூறு மாட்டுக்குப் பூசினோம், எண்பது குணமானது' என்ற கணக்கைக் கேட்கும்போது, பூசாமல் பீச்சி மட்டும் விட்ட மாடுகள் எத்தனை குணமாயின என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்வது கலவையைக் குறைத்துப் பேச இல்லை. அந்த லேசான நோய்களுக்கெல்லாம் இன்று ஊசி போகிறது. மாடு வீங்கிய மடியோடு நிற்கும்போது 'சும்மா பீச்சிவிட்டுப் பார்ப்போம்' என்று யாராலும் இருக்க முடியாது, கை ஏதாவது செய்யக் கேட்கும். அந்த இரண்டு நாளில் கைக்குச் செய்யத் தகுந்த, தீங்கில்லாத, வீக்கத்தைத் தணிக்கும் வேலையைக் கலவை கொடுக்கிறது. ஊசி குறைவதன் சூட்சுமம் பெரும்பாலும் அங்கே இருக்கிறது.

நெதர்லாந்து 2009-க்குப் பிறகான பத்தாண்டில் கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனையை ஏறக்குறைய 70 விழுக்காடு குறைத்தது. ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு வாங்கியது என்று பதிவானது, மருத்துவர் எவ்வளவு எழுதினார் என்றும் பதிவானது. குறைந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

தீவனத்தோடு கொடுப்பவை

வயிறு உப்புசத்துக்கும் செரிமானக் கோளாறுக்கும் இதே தஞ்சாவூர் வழிமுறையில் வெங்காயம் 100 கிராம், பூண்டு 10 பல், காய்ந்த மிளகாய் 2, மிளகு 10, சீரகம் 10 கிராம், மஞ்சள் 10 கிராம், இஞ்சி 100 கிராம், வெற்றிலை 10, வெல்லம் 100 கிராம். மிளகு, சீரகம், மிளகாயை அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாவற்றையும் அரைத்து, சிறு உருண்டையாக்கி உப்பில் புரட்டி நாக்கில் தேய்த்துக் கொடுப்பது. உப்பில் புரட்டுவதால் உமிழ்நீர் சுரக்கும், மாடும் துப்பாது. மூங்கில் குழாயில் ஊற்றினால் சில நேரம் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால்தான் உருண்டை. இடது விலா உப்பி மூச்சு வாங்கும் மாட்டுக்கு இதை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

பூண்டும் வெங்காயமும் கொடுத்தால் பாலில் வாடை ஏறும். கறந்து முடித்தபின் கொடுத்தால் அடுத்த கறவைக்குள் குறையும். நூறு கிராம் வெங்காயத்தால் ஆபத்து இல்லை. ஆனால் மார்க்கெட்டில் கழித்த வெங்காயத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தீவனத்துக்குப் பதிலாகக் கொட்டினால் ரத்தச் சிவப்பணு உடைந்து, சிறுநீர் காப்பி நிறமாகி மாடு சாகும். மூலிகைதானே என்று அளவை விடுவதற்கு இது நல்ல எச்சரிக்கை.

கன்றுக் கழிச்சலில் ஆன்டிபயாட்டிக் வீணாவது இன்னும் அதிகம். ரோட்டா வைரஸும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் அந்த மருந்துகளுக்கு அசைவதில்லை. கன்று சாவது கிருமியால் என்பதைவிட நீர் வற்றித்தான். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, பாலோடு கலக்காமல், பால் நேரத்துக்கு இடையில் கொடுப்பதே முதல் மருந்து. சீரகம், வெந்தயம், கசகசா, பெருங்காயத்தைக் கருக வறுத்து, பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை, வெல்லம் சேர்த்து அரைத்த உருண்டை அதற்குப் பிறகு. கண் குழி விழுந்து, உறிஞ்சும் திறனும் போன கன்றுக்கு நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்த கன்றுக்கு இந்தப் பாடெல்லாம் பெரும்பாலும் வராது. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர்.

தீவனத்தைக் கொண்டு ஊசியைக் குறைக்கும் வழிகளில் காசே செலவாகாத ஒன்று, தீவனம் போடும் நேரம். கறந்து முடித்த பிறகு காம்புத் துவாரம் முழுதாக மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே. கறந்த கையோடு காம்பைப் போவிடோன் அயோடினில் முக்கிவிட்டு, புல்லைப் போட்டு நிற்க வையுங்கள். கறப்பதற்கு முன்பே எல்லாத் தீவனத்தையும் கொட்டிவிடும் கொட்டகையில் கறந்ததும் மாடு படுத்துவிடும்.

பதிவேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மாடு, எந்தக் காம்பு, சோதனையில் கொழகொழப்பு எவ்வளவு, வெப்பம், அன்றைய பூச்சு எண்ணிக்கை, மூன்றாம் நாள் நிலை, ஊசி போட்டதா, போட்டால் என்ன மருந்து, எத்தனை நாள், பால் எத்தனை நாள் தள்ளியது. பூச்சு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருப்பது அவசியம். கலவை பலிக்காத மாட்டைத் தேடிப் பின்னால் புரட்டும்போது, பல இடங்களில் அந்தக் கட்டத்தில் 10 என்பதற்குப் பதில் 3 என்றிருக்கும்.

கணக்கு ஒரு உதாரணத்துக்கு: நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு. ஊசி 3 நாள், மருந்தின் லேபிளில் எழுதிய காத்திருப்பு இன்னும் 3 நாள் என்று வைத்தால், 60 லிட்டர் பால் கீழே போகிறது. லிட்டர் 35 ரூபாய் என்றால் 2,100 ரூபாய், ஊசிக்கும் மருத்துவர் வருகைக்கும் தனி. கலவையில் கற்றாழை வேலியோரம், எலுமிச்சை ஆறு, மஞ்சள் கால் கிலோ, சுண்ணாம்பு 75 கிராம், நோய்ப்பட்ட காம்பின் பால் ஐந்து நாளுக்கு. அதோடு எட்டு மணி நேர உழைப்பையும் எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் செய்வதால் அந்த எட்டு மணி நேரம் யார் நோட்டிலும் ஏறுவதில்லை.